வளர்மதி மெஸ்ஸுக்கு வழி

அந்த போனை உள்ள வைங்க தம்பி. அதுல நட்சத்திரத்தைப் பார்த்துச் சோறு தேடினா நாக்கு செத்துப் போகும். சேலம் புதுசா? முதல் தடவையா? பேங்க் வேலையா, ரொம்ப சந்தோஷம். ரூம் கிடைக்கிற வரைக்கும் லாட்ஜா? சரி. லாட்ஜ்காரன்கிட்ட மட்டும் எங்க சாப்பிடலாம்னு கேட்டுராதீங்க. அவனுக்கு எவன் கமிஷன் குடுக்கிறானோ அந்த ஓட்டலத்தான் காட்டுவான். வாசல்ல ஏசி, உள்ள போனா மூணு நாள் குருமா.

இருபத்தெட்டு வருஷம் மோட்டார் பம்பு கம்பெனிக்கு சேல்ஸ் ரெப்பா ஊர் ஊரா அலைஞ்சவன் நான். விருதுநகர் வந்து பம்பு தவமணின்னு கேளுங்க, சின்னப்புள்ள கூட வீட்டைக் காட்டும். எந்த ஊர்ல வேணா என்னைக் கண்ணைக் கட்டி இறக்கி விடுங்க. மத்தியானத்துக்குள்ள அந்த ஊருக்குன்னு இருக்கிற நல்ல சாப்பாடு, கையைக் கடிக்காத சாப்பாடு, எந்தச் சந்துல இருக்குன்னு கண்டுபிடிச்சிருவேன். பெருமைக்குச் சொல்லல தம்பி. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், என்ன இப்போ? வேற எதை வச்சு நான் பெருமைப்படுறது.

எப்படின்னு கேக்குறீங்களா? சொல்றேன், யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. சொல்லியிருக்கேன், எல்லார்கிட்டயும்தான் சொல்லியிருக்கேன், ஒருத்தனும் செய்ய மாட்டான். மார்க்கெட்டுக்குப் போங்க. வாழையிலைக் கடைக்காரர்கிட்ட போய் நில்லுங்க. "அண்ணாச்சி, காலையில வந்து ஒவ்வொரு இலையா விரிச்சுப் பார்த்து, சண்டை போட்டு எடுத்துட்டுப் போறது யாரு?"ன்னு கேளுங்க. கட்டோட தூக்கிட்டுப் போறவன் வேண்டாம். இலையிலயே இவ்வளவு பாக்குற ஆளு, அதுல கண்டதையும் வைக்குமா? அவ்வளவுதான் சூட்சுமம். இது ஒரு ஊர்லயும் என்னை ஏமாத்துனதில்ல.

சேலத்துலயும் ஏமாத்தல. அதான் தம்பி வினையே.

நானும் சேலத்துக்குத்தான் போறேன். என் அக்கா மக சிந்துஜா அங்க இருக்கா. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். "அவளைக் கூட்டிட்டு வராம நீ என் வாசப்படி மிதிக்காத தவம்"னு அக்கா சொல்லிருச்சு. இதுக்கு முன்னாடியும் போனேன். தெருமுனை வரைக்கும் போயிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு, திரும்பி பஸ் ஏறிட்டேன். வண்டி இன்னும் கரூரே தாண்டல, நீங்க தூங்கப் போறீங்களா? இல்லையே? அப்போ கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் மேல என்ன தப்பு இருக்குன்னு.

சிந்துவுக்கு அந்த வரன் கொண்டு வந்தது நான்தான். சேலத்துல ஒரு பம்பு டீலர் மூலமாத் தெரிஞ்ச குடும்பம். தாத்தா காலத்துல நம்ம பக்கத்துல இருந்து போய்க் குடியேறுனவங்க. தனுஷ்கோடின்னு பேரு, செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்காரு. ரெண்டு பையன். பெரியவன் குடும்பத்தோட ஓசூர்ல இருக்கான்னு சொன்னாங்க. சின்னவன் கோகுல், அவனுக்குத்தான் பொண்ணு பார்த்தாங்க. பையன் நல்ல நெறம், பேச்சு கம்மி. வேற என்ன வேணும்? தாய்மாமன் நான், எனக்குப் புள்ளைங்க கிடையாது, அவதான் எனக்கு மக. நான் கெட்ட இடத்துல கொண்டு போய்த் தள்ளுவேனா?

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்க கிளம்பிப் போனோம். நான், செண்பகம் அக்கா, அத்தான், கூட எங்க பெரியம்மா. பொண்ணைக் கூட்டிட்டுப் போற வழக்கம் இல்லையில்ல, அவ வீட்லதான் இருந்தா. உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் சம்பந்தம் பேசப் போற வீட்ல, பேச்சு முடியுற வரைக்கும் கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், வாழைப்பழம் உரிச்சுக்கலாம். இலை போட்டு உக்காந்துட்டா சம்மதம்னு அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது, பேச்சாயிரும்.

அதனால காப்பிய மட்டும் குடிச்சோம். தனுஷ்கோடி நல்ல விவரமான மனுஷன். "போய் வெளிய சாப்பிட்டு உங்களுக்குள்ள கலந்து பேசிக்கோங்க. சம்மதம்னா சாயங்காலம் வந்து நம்ம வீட்ல கை நனைங்க"ன்னாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு பெரிய ஓட்டல் பேரையும் சொன்னாரு. எனக்கா சொல்றாரு ஓட்டலு! நான் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டு, எல்லாரையும் ஆட்டோவுல ஏத்தி நேரா மார்க்கெட்டுக்கு விட்டுட்டேன். பெரியம்மா "பசிக்குதுடா, எலைக்கடைக்கு எதுக்குடா போற"ன்னு கத்துது. இலைக்கடைக்காரர் நான் கேட்டு முடிக்கல, சிரிச்சுட்டாரு. "குகை வளர்மதியத்தான் கேக்குறீங்க. ஒரு இலையில கிழிசல் இருந்தா என் மூஞ்சியிலயே விட்டெறியும்"னாரு. குகைன்னா குகை இல்ல தம்பி, ஏரியா பேரு.

போர்டு கூட கிடையாது. வீட்டோட முன் ரூம்ல நாலு பெஞ்சு, அவ்வளவுதான். லோடு இறக்குற ஆளுங்க, ரெண்டு கோர்ட்டு குமாஸ்தா, ஒரு கர்ப்பிணிப் பொண்ணு. கர்ப்பிணிப் பொண்ணு தேடி வந்து சாப்பிடுற இடம்னா கண்ண மூடிட்டு உக்காந்துரலாம். வளர்மதிக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நெத்தியில துளி விபூதி, முகத்துல சிரிப்பே கிடையாது. ஆனா அந்தக் கை இருக்கே! தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்டு ஒரு குழம்பு. கொள்ளு கடைசல். அப்புறம் செலவு ரசம்னு ஒண்ணு ஊத்துச்சு, மருந்துச் சாமானெல்லாம் வறுத்துப் பொடிச்சுப் போடுறது, அந்தப் பக்கத்து ரசம். அடடா! உள்ள இறங்க இறங்க நெஞ்செல்லாம் திறக்குது. குறை சொல்லப் பெரியம்மா வாயத் திறக்கல, அதுதான் அது குடுக்குற சர்ட்டிபிகேட்.

பட்டுச்சேலையும் பூவுமா உக்காந்திருக்கோமே, பார்த்ததும் தெரியாதா? "வெளியூருங்களா? விசேஷத்துக்கா வந்திருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் சும்மா இருப்பேனா. "தனுஷ்கோடி கொலுசுப் பட்டறை தெரியுமாம்மா? அவங்க சின்னப் பையனுக்கு எங்க அக்கா பொண்ணப் பேசலாம்னு வந்திருக்கோம்"னேன். ரசக் கரண்டி அப்படியே நின்னு போச்சு. ரசம் தீந்துருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு, "போதும்மா, இருக்கிறவங்களுக்கு ஊத்து"ன்னு சொன்னேன். ஊத்திட்டு உள்ள போயிருச்சு. அப்புறம் வெளிய வரவே இல்ல.

நாங்க பேச ஆரம்பிச்சோம். அத்தானுக்குப் பிடிச்சிருந்துச்சு. அக்காதான் இலையில விரலால கோடு போட்டுட்டே உக்காந்திருந்துச்சு. என்னக்கான்னேன். "மாப்பிள்ளையோட அம்மா இடுப்புல சாவிக்கொத்தைப் பார்த்தியாடா? காப்பிக்குச் சர்க்கரை எடுக்க ஒரு ரூமத் திறந்து, எடுத்துட்டு, மறுபடி பூட்டிட்டு வர்றாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்குடா தவம்"னுச்சு. "வெள்ளி புழங்குற வீடுக்கா, பூட்டாம என்ன செய்வாங்க"ன்னேன். "சர்க்கரை டப்பாவுலயா வெள்ளி வைக்கிறாங்க"ன்னு அத்தான் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சோம், அக்கா மட்டும் சிரிக்கல. அப்புறம் பேசிப் பேசி நான்தான் அக்காவை வழிக்குக் கொண்டு வந்தேன். சாவி வச்சிருக்கிற மாமியார்னா குடும்பத்தைக் கட்டுசெட்டா நடத்துற பொம்பளைன்னு அர்த்தம், வாரி இறைக்கிற வீடு நமக்கு எதுக்குன்னு கேட்டேன். நல்ல வாதம்தான? இப்பக் கேட்டாலும் நல்ல வாதம்தான்.

எனக்கு ஒரு பழக்கம். நல்ல சாப்பாடு சாப்பிட்டா சமையல்கட்டு வரைக்கும் போய், சமைச்ச ஆளப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வருவேன். போனேன். அடுப்புக்கு எதுக்கால சுவத்தைப் பார்த்து நின்னுட்டு இருந்துச்சு. "அருமையா இருந்துச்சும்மா, இப்படி ஒரு ரசம் நான் குடிச்சதே இல்ல"ன்னேன். திரும்பிப் பார்த்துச்சு. "அண்ணா, அவங்க வீட்ல இன்னும் கை நனைக்கலையில்ல?"ன்னு கேட்டுச்சு. இல்லம்மா, சாயங்காலம்தான்னேன். "அந்த வீட்டுச் சோத்த நான் ஆறு வருசம் தின்னிருக்கேன்ணா. கை நனைக்காம அப்படியே ஊருக்கு பஸ் ஏறிருங்க. பொண்ணைப் பட்டினி போட்டுக் கொன்னுருவாங்க"ன்னுச்சு. சத்தமாக் கூடச் சொல்லல. குழம்புச் சட்டிய இறக்கி வச்சுக்கிட்டே சொல்லுச்சு.

நான் என்ன நினைப்பேன் சொல்லுங்க? கையில கரண்டியோட நிக்கிற பொம்பளை, ஆறு வருசம் அந்த வீட்டுச் சோறுன்னா, அங்க சமையல் வேலை பார்த்திருக்கும்னுதான நினைப்பேன்? வேலைய விட்டு நிறுத்தியிருப்பாங்க. நிறுத்துன வீட்டப் பத்தி எந்த ஆளு நல்லதாச் சொல்லும்? இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை ஓட்டல் மாஸ்டரைப் பார்த்திருக்கேன், பழைய முதலாளிய வையாதவன் ஒருத்தன் உண்டா? நான் சரிம்மான்னு சொல்லிட்டு, ரசப்பொடியில திப்பிலி போடுவியான்னு கேட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிருச்சு. பக்குவத்த வெளிய விட மாட்டேங்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

வெளிய வந்தா அக்கா கேக்குது, "என்னடா இவ்வளவு நேரம், என்ன சொல்லுச்சு?" "ரசத்துக்குப் பக்குவம் கேட்டேன்க்கா"ன்னேன். கேட்டேனா இல்லையா? கேட்டேன்ல? பொய் சொல்லல. சும்மா ஒரு வேலைக்காரி வயித்தெரிச்சல்ல சொன்னதக் கொண்டு வந்து இலையில போட்டா, அக்கா அந்த நிமிஷமே எந்திரிச்சிரும். ஏற்கெனவே சாவிக்கொத்துல நிக்குது அதுக்கு மனசு. நான் அலைஞ்சு திரிஞ்சு கொண்டு வந்த வரன் தம்பி. சிந்துவுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போயிருந்துச்சு. நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? ... சின்ன வயசு உங்களுக்கு, சொல்லியிருப்பேன்னுதான் சொல்லுவீங்க.

சாயங்காலம் போய்க் கை நனைச்சோம். இட்லியும் கேசரியும். கேசரியில டால்டா வாசம் தூக்குது, முந்திரிங்கிற பேச்சே இல்ல. சம்பந்தம் பேசுற இடத்துல குறை சொல்லலாமா, முழுங்கிட்டேன். தனுஷ்கோடி, மத்தியானம் சாப்பாடு எப்படி, அந்த ஓட்டல்லதான சாப்பிட்டீங்கன்னு கேட்டாரு. "அந்தப் பக்கமே போகல. குகையில வளர்மதி மெஸ்னு ஒண்ணு, தேவாமிர்தம்"னேன். அந்தம்மா இட்லித் தட்டை நங்குன்னு வச்சுட்டு, "அங்கெல்லாம் சுத்தம் இருக்காது"ன்னாங்க. மாப்பிள்ளைப் பையன் தரையப் பார்த்துட்டு உக்காந்திருந்தான். பசங்க கூச்சப்படுவாங்கள்ல. நானும் பேச்ச மாத்தி, முகூர்த்தத் தேதிக்குப் போயிட்டேன்.

கல்யாணம் விருதுநகர்லதான், ஜாம்ஜாம்னு நடந்துச்சு. பந்தி நான் பொறுப்பு. ஒரு குறை சொல்ல முடியாது, இன்னிக்கும் பேசுறாங்க. அன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளைய வேன்ல ஏத்தி விடுறப்போ சிந்து என் கையப் பிடிச்சுட்டு அழுதா. அழுகுற புள்ளைக்கு என்ன சொல்றது? "அழாத கண்ணு. அந்த ஊர்ல நாக்குக்கு நல்லதா ஏதாவது வேணும்னு தோணுச்சுன்னா, குகையில வளர்மதி மெஸ்ஸுக்குப் போ. விருதுநகர் தவமணி மாமா அனுப்புனாருன்னு சொல்லு"ன்னேன். அழுகையிலயும் சிரிச்சுட்டா. "உங்களுக்கு எப்பப் பாரு சோறுதான் மாமா"ன்னா.

தலைதீபாவளிக்கு வந்தா. இளைச்சிருந்தா. கல்யாணமான புதுசுல சில பொண்ணுங்க இளைக்கும், சிலது பெருக்கும். நான் மதுரையில ஆர்டர் குடுத்து வாங்கிட்டு வந்த ஆட்டுக்கறிச் சுக்காவை அவ சாப்பிட்ட சாப்பாடு இருக்கே, நீங்க பார்த்திருக்கணும்! இலையை விட்டுக் கண்ணையே எடுக்கல. மாப்பிள்ளை எந்திரிச்சுக் கை கழுவிட்டு வந்து நிக்கிறாரு, இவ இன்னும் சாப்பிடுறா. எனக்குப் பெருமைன்னா பெருமை. "பாருக்கா, நான் வாங்கிட்டு வந்ததை எப்படிச் சாப்பிடுறா"ன்னு அக்காகிட்டச் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கல, அவளையே பார்த்துட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ஆத்தாவும் மகளும் அடுப்பங்கரையில ஏதோ பேசியிருக்காங்க. என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போ, புள்ளை ஒண்ணு பொறந்தா எல்லாம் சரியாயிரும்"னு அக்கா சொன்னதா இப்போ சொல்லி அழுகுது.

அதுக்கப்புறம் ஒரு நாள் எனக்கு போன் வருது. சிந்து. "மாமா, அந்த மெஸ் எங்கன்னு சொன்னீங்க?"ன்னா. எனக்கு ஒரே குஷி. பெரியார் மேம்பாலம் தாண்டி, குகை ஸ்டாப்புல இறங்கி, மாரியம்மன் கோயில் பக்கம் வலது கைப்பக்கச் சந்துன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். என்ன கண்ணு விசேஷம்னு கேட்டேன். "சும்மாதான் மாமா. பசிக்குது"ன்னா. கேக்குறப்போ நாலு மணி. வெயில்ல நடந்தவ மாதிரி மூச்சு வாங்குது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? போனை வச்ச கையோட அக்காவுக்குப் போன் போட்டு, "புருஷனும் பொண்டாட்டியும் வெளிய சாப்பிடக் கிளம்பிட்டாங்க, நல்லா இருக்காங்க, நீ கவலைய விடு"ன்னு சொன்னேன்.

மறுநாள் தனுஷ்கோடி போன் பண்ணுறாரு. "உங்க பொண்ணு துணிமணிய எடுத்துட்டு வீட்டை விட்டுப் போயிட்டா. எங்க போய்ச் சேர்ந்திருக்கான்னு பாருங்க. எங்க பெரியவன் பொண்டாட்டி, எங்களைச் சந்தி சிரிக்க வச்சுட்டு ஓடுனவ, அவ வீட்ல போய் உக்காந்திருக்கா"ன்னு கத்துறாரு. அப்பத்தான் எனக்கே தெரியும். வளர்மதி சமையக்காரி இல்ல தம்பி. அந்த வீட்டு மூத்த மருமக. ஓசூர்ல பெரியவனோட இருக்கிறது வேற ஒருத்தி.

அந்த வீட்டுக் கதை அப்புறம்தான் ஒண்ணொண்ணா வந்துச்சு. அரிசி பருப்பெல்லாம் பூட்டுன ரூம்ல. மாமியா அளந்து குடுத்தாத்தான் உலை. முதல்ல ஆம்பளைங்க, அப்புறம் பட்டறை ஆளுங்க, அப்புறம் அந்தம்மா. பானையில மிச்சம் இருந்தா மருமகளுக்கு. மிச்சம் இருக்காது. இருக்காத மாதிரிதான் அளக்குறதே. ஒரு நாள் பக்கத்து வீட்ல சிந்து ரெண்டு இட்லி வாங்கித் தின்னுட்டான்னு கோகுல் கைய நீட்டியிருக்கான், எங்க மானத்த வாங்குறியான்னு. தரையப் பார்த்துட்டு உக்காந்திருந்தானே, அதே பையன். பட்டறையில வெள்ளி கிலோக் கணக்குல கெடக்கு. சோத்துல என்ன தம்பி கணக்கு? எனக்குப் புரியல. சோத்துல போய் ஒருத்தரு கணக்குப் பார்ப்பாங்கன்னு நான் நினைச்சதே இல்ல.

அதுல இருந்து எங்க வீட்ல நான்தான் குத்தவாளி. அக்கா என்ன சொல்லுது தெரியுமா? "நீதானடா அந்த மெஸ்ஸைக் காட்டிக் குடுத்த! அது தெரியாம இருந்திருந்தா அவ பஸ் ஏறி எங்கிட்ட வந்திருப்பா!"ங்குது. கேட்டீங்களா நியாயத்தை? வழி சொன்னது தப்பா? வெயில்ல நிக்கிற புள்ளைக்கு ஒரு வாய் சோறு இருக்கிற இடத்தைச் சொன்னது தப்பா? அத்தான் அதுக்கு மேல. "மக செத்துட்டான்னு நினைச்சுக்கிறேன்"னு சொல்லிட்டு கடையப் பூட்டிட்டு வீட்ல படுத்தவருதான்.

முதல்ல என்னை அனுப்புனாங்க. எதுக்கு? சமாதானம் பேசி, அந்த வீட்லயே திரும்ப விட்டுட்டு வரச் சொல்லி. போனேன். மத்தியானம். பெஞ்சு நிறைய ஆளு. சிந்துதான் பரிமாறிட்டு இருந்தா. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கையில வாளியோட. என்னைப் பார்த்ததும் நின்னா. அழுவான்னு நினைச்சேன். அழல. "உக்காருங்க மாமா"ன்னு இலையப் போட்டா. தண்ணி தெளிச்சா. சாதம் வச்சா, குழம்பு ஊத்துனா. "குழம்பு நீ வச்சதா கண்ணு, கைப்பக்குவம் வந்துருச்சே"ன்னேன். அதைத்தான் சொன்னேன்.

அவ எனக்கு எதுக்கால உக்காந்தா. "மாமா, ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்ல இருந்து எல்லாரும் வந்திருந்தீங்களே, அன்னிக்கு, அக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"ன்னா. அக்கான்னா வளர்மதி. நான் குழம்பைப் பிசைஞ்சுட்டே இருந்தேன். "எப்போ கண்ணு?"ன்னேன். "அடுப்படியில. நீங்க உள்ள போனீங்களாமே." "எனக்கு ஞாபகம் இல்லையே கண்ணு"ன்னேன். "எவ்வளவோ ஊரு, எவ்வளவோ மெஸ்ஸு. ஒவ்வொரு இடத்துலயும் உள்ள போய்ப் பேசுறவன் நான். ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லைதான் தம்பி. அவ்வளவு நாள் முன்னாடி ஒரு பொம்பளை சட்டிய இறக்கி வச்சுக்கிட்டே சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

உள்ள இருந்து வளர்மதி குரல் மட்டும் வந்துச்சு. "விடு சிந்து. அண்ணன் மறந்திருப்பாரு. அன்னிக்கு அவரு சாப்பிட்டுட்டு இருந்தாரு"ன்னு. பெஞ்சுல இருந்த ஆளுங்க எல்லாம் என்னைப் பார்க்குறாங்க. சிந்து எந்திரிச்சா. கோபப்படல. திட்டல. திட்டியிருக்கலாம். வாளிய எடுத்துட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா"ன்னு சாதத்தை வச்சா. நிறைய வச்சா. நான் போதும்னு சொல்லச் சொல்ல வச்சா. அதை மிச்சம் வைக்க முடியுமா? அந்தப் பொண்ணு முன்னாடி சோத்த மிச்சம் வைக்க முடியுமா? உக்காந்து தின்னேன். ஒரு பருக்கை விடாம தின்னேன். சமாதானப் பேச்சை எடுக்கவே இல்ல. கைய கழுவிட்டு வந்துட்டேன்.

அதுல இருந்து எனக்கு வெளிச் சாப்பாடே பிடிக்கல, நம்புவீங்களா? இலைக்கடையப் பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

இப்போ அக்கா மனசு மாறிருச்சு. அந்த வீடும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம், எம்மக எங்கிட்ட வந்தாப் போதும்னு அழுகுது. அத்தானும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "வரச் சொல்லு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்"னு சொல்லிட்டாரு. இந்தச் சேதிய நான் கொண்டு போய்ச் சொல்லணும். போன் போட்டா அவ எங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா, நேர்லதான் சொல்லணும். நல்ல சேதிதான தம்பி? சந்தோஷமாப் போய்ச் சொல்ல வேண்டிய சேதிதான? போன தடவையும் இதைத்தான் எடுத்துட்டு வந்தேன். சந்து முனையில டீக்கடையில நின்னேன். குழம்பு தாளிக்கிற வாசம் வருது. அப்படியே திரும்பி பஸ் ஏறிட்டேன். பயமா இருக்கு. அவ வர மாட்டேன்னு சொல்லுவாளோன்னு கூட இல்ல. மறுபடியும் அதைக் கேட்டுட்டான்னா? நான் மறுபடியும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன்னா?

சேலம் வந்துருச்சு. பையை எடுத்துக்கோங்க, படியப் பார்த்து இறங்குங்க.

தம்பி, ஒரு உதவி. மத்தியானச் சாப்பாடு எப்படியும் சாப்பிடணும்ல, அங்க போய்ச் சாப்பிடுங்களேன். டவுன் பஸ்ல குகை ஸ்டாப்புல இறங்குங்க, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நல்ல சாப்பாடு, அதுல சந்தேகமே வேண்டாம். பரிமாறுற பொண்ணு ஒல்லியா, உசரமா இருப்பா. எப்படி இருக்கான்னு பாருங்க. அவ எப்போ சாப்பிடுறான்னு பாருங்க. எல்லாருக்கும் போட்டுட்டு அவளும் உக்காந்து சாப்பிடுறாளா, அதை மட்டும் பார்த்துட்டு வாங்க. நான் இங்க பஸ் ஸ்டாண்டுலயே, இந்தத் தூணுக்கிட்டயே நிக்கிறேன்.

ஒண்ணு. புதுசா யாரு வந்தாலும் யார் சொல்லி வந்தீங்கன்னு கேக்குறா. அன்னிக்கு ரெண்டு பேர்கிட்ட கேட்டதைப் பார்த்தேன். உங்ககிட்டயும் கேப்பா. என் பேரைச் சொல்லிராதீங்க.

தம்பி, நில்லுங்க. சொல்லுங்க. மாமாதான் அனுப்புனாருன்னு சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாருன்னு சொல்லுங்க. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்காம்னு சொல்லுங்க. சொல்லிட்டு அவ முகம் எப்படி ஆகுதுன்னு பார்த்து, எனக்காக ஒண்ணும் மறைக்காம, அப்படியே வந்து சொல்லுங்க.